ஸ்பிரிங் மாற்றிக் காரைத் தாழ்த்திய பின் முன்டயர்களின் உட்புறம் மட்டும் தேய்கிறது: காரணம் கேம்பரா, டோவா?

வேளச்சேரி வாசி

அனைவருக்கும் வணக்கம். என்னுடையது 2018ஆம் ஆண்டு ஸ்விஃப்ட், பெட்ரோல் வண்டி. டயர் அளவு 185/65 ஆர்15, அதை மாற்றவில்லை. சென்ற ஆண்டு, 40 மில்லிமீட்டர் தாழ்த்தும் என்று பெட்டியில் அச்சிட்டிருந்த ஸ்பிரிங்குகளை நான்கு சக்கரங்களுக்கும் போட்டேன். ஷாக் அப்சார்பர்கள் பழையவையே. ஸ்பிரிங் மாட்டிய அன்றைக்கே அதே கடையில் அலைன்மென்டும் பார்த்து, எல்லா எண்களும் பச்சை நிறத்தில் இருந்த ஒரு தாளையும் கையில் கொடுத்தார்கள்.

அதன்பின் வண்டி எந்தப் பக்கமும் இழுக்கவில்லை, ஸ்டீயரிங்கும் நேராகவே நின்றது என்பதால் நான் அதைப் பற்றி மேலும் யோசிக்கவில்லை. அண்மைக் காலமாக, அலுவலகத்துக்காகச் சிறுசேரி போகும்போது ஓஎம்ஆரில் அறுபதைத் தாண்டினால் ஒரு முனகல் சத்தம் வருகிறது. வீல் பேரிங் போய்விட்டதோ என்று பார்ப்பதற்காக ஸ்டீயரிங்கை முழுவதுமாக ஒடித்துவிட்டு டயரின் பின்புறம் கை வைத்தபோதுதான், வெளியிலிருந்து பார்த்தால் புதிது போலத் தெரிகிற டயரின் உள் ஓரம் ஏறக்குறைய மொட்டையாகிவிட்டது தெரிந்தது. முன் இடது டயரில் பள்ளத்தின் ஆழம் வெளி ஓரத்தில் 6.1, நடுவில் 5.4, உள் ஓரத்தில் 1.7 மில்லிமீட்டர். வலது டயரும் இதையொட்டியே இருக்கிறது. பின் டயர்களில் உள் ஓரம் சற்றுக் குறைந்திருப்பதோடு, மேற்பரப்பு மேடும் பள்ளமுமாக அலை அலையாக இருக்கிறது.

சக்கரத்தின் சாய்வைத் திருத்தும் கேம்பர் போல்ட் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் ஒருவர். ஸ்பிரிங்கையே கழற்றிப் போடு என்கிறார் இன்னொருவர். புது டயர் வாங்குவதற்குமுன் காரணத்தைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

பாடி மேம்பாலம்

இதில் ஆராய்வதற்கு அதிகம் இல்லை என்பது என் கருத்து. உங்கள் வண்டியின் முன்புறம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் அமைப்பு, அதாவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த ஒரே தூண். ஸ்ட்ரட்டின் தலைப்பகுதி பாடியில் நிலையாகப் பொருத்தப்பட்டிருக்கிறது. அடிப்பகுதியை, உடலிலிருந்து வரும் லோயர் ஆர்ம் என்ற கீழ்க்கரம் பிடித்திருக்கிறது. வண்டியைத் தாழ்த்தும்போது, கீழ்நோக்கிச் சரிந்திருந்த அந்த ஆர்ம் கிடைமட்டத்தை நோக்கி எழும்புகிறது. அப்படி எழும்பும்போது அதன் வெளிமுனை, அதாவது சக்கரத்தின் அடிப்பகுதி, வெளியே தள்ளப்படுகிறது. சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்து அடி வெளியே போனால் டயர் உள் ஓரத்தில்தான் நிற்கும். உள் ஓரத்தில் நிற்கும் டயர் உள் ஓரத்தில் தேயும். இதற்கு நெகட்டிவ் கேம்பர் என்று பெயர்.

ஸ்விஃப்டில் ஸ்ட்ரட்டும், சக்கரத்தைத் தாங்கும் நக்கிளும் இரண்டு போல்ட்டுகளால் இணைக்கப்பட்டிருப்பதால் கேம்பர் போல்ட் போடுவது எளிது. சக்கரத்தை நேராக நிமிர்த்துங்கள், சிக்கல் தீர்ந்துவிடும்.

உருளும் வட்டம்

அம்பத்தூர்ப் பக்கம் அலைன்மென்ட் வேலை பார்ப்பவன் நான். பாடி நண்பர் ஸ்ட்ரட்டின் இயக்கத்தைப் பற்றிச் சொன்னது முற்றிலும் சரி. ஆனால் அதிலிருந்து அவர் எட்டிய முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. 40 மில்லிமீட்டர் தாழ்த்திய வண்டியில் கேம்பர் ஒரு டிகிரி அளவில்தான் மாறியிருக்கும். ஒன்றரை டிகிரி நெகட்டிவ் கேம்பரோடு தொழிற்சாலையிலிருந்தே வெளிவரும் வண்டிகள் உண்டு. அவற்றின் டயர்கள் இப்படி ஓராண்டில் ஒரு பக்கம் மொட்டையாவதில்லை. கேம்பர் என்பது பாரம் எந்த ஓரத்தில் விழுகிறது என்பதைத்தான் தீர்மானிக்கிறது. டயர் சாலையில் தேய வேண்டுமென்றால் அது உருள்வதோடு பக்கவாட்டில் இழுபடவும் வேண்டும். இழுப்பது டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரம் நேர்திசையிலிருந்து திரும்பியிருக்கும் கோணம். சக்கரத்தின் முன்பக்கம் வெளியே திரும்பினால் டோ-அவுட், உள்ளே திரும்பினால் டோ-இன்.

கணக்காகவே பார்ப்போம். ஒரு முன்சக்கரம் நேர்திசையிலிருந்து 0.3 டிகிரி, அதாவது 18 நிமிடம் (ஒரு டிகிரிக்கு 60 நிமிடம்), வெளிப்பக்கம் பார்த்துத் திரும்பியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கண்ணால் பார்த்தால் ஒன்றும் தெரியாது. 15 அங்குல ரிம்மின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் இடையே இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சக்கரம் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ ஐந்து மீட்டர் பக்கவாட்டில் இழுபட்டுக்கொண்டே போகிறது. இரண்டு பக்கமும் ஒரே அளவில் வெளியே திரும்பியிருந்தால் ஒன்றின் இழுப்பை மற்றொன்று ஈடுகட்டிவிடும். வண்டி நேராகப் போகும், ஸ்டீயரிங்கும் நடுவில் நிற்கும். இழுக்கவில்லை என்பதால் அலைன்மென்ட் சரியாக இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது என்பது இதனால்தான். இதோடு கேம்பரும் சேர்ந்து பாரத்தை உள் ஓரத்தில் வைத்தால், இழுபடுவது முழுவதும் அந்த ஓரத்தின் தலையில் விழுகிறது.

கருவி ஏதும் இல்லாமலே ஒரு சோதனை செய்யலாம். முன்டயரின் மேற்பரப்பில் உள்ளங்கையை அழுத்தி வைத்து, முதலில் வெளி ஓரத்திலிருந்து உள் ஓரத்துக்கும், பிறகு உள் ஓரத்திலிருந்து வெளி ஓரத்துக்கும் தடவிப் பாருங்கள். உள்நோக்கித் தடவும்போது ரப்பர் வரிகளின் விளிம்பு சுருக்கென்று கையைப் பிடித்து, வெளிநோக்கித் தடவும்போது வழுவழுப்பாக இருந்தால் அது டோ-அவுட். இதற்கு நேர்மாறாக இருந்தால் டோ-இன். இரு திசையிலும் ஒரே மாதிரி வழுவழுப்பாக இருந்து, உள் ஓரம் மட்டும் சரிவாகக் குறைந்திருந்தால், நான் பாடி நண்பரின் பக்கம் வந்துவிடுகிறேன். கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் டயரில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

இன்னொன்று: உங்கள் கையில் உள்ள தாளில் சரிசெய்வதற்கு முன் இருந்த எண்களும் அச்சாகியிருக்கின்றனவா?

வேளச்சேரி வாசி

அண்ணா, நீங்கள் சொன்னபடி தடவிப் பார்த்தேன். இரண்டு முன்டயர்களிலும் உள்நோக்கித் தடவும்போது அரத்தின் மேல் கை வைத்தது போலப் பிடிக்கிறது. வெளிநோக்கித் தடவினால் எதுவும் இல்லை. தாளில் முந்தைய எண்கள் இல்லை, இறுதி எண்கள் மட்டுமே இருக்கின்றன. அதில் முன் டோ மொத்தம் +0°02' என்று பச்சையில் அச்சாகியிருக்கிறது. அன்று இரண்டு நிமிட டோ-இன் இருந்த வண்டி, யாரும் தொடாமலே எப்படி டோ-அவுட்டுக்குப் போகும்?

உருளும் வட்டம்

போகும். மாட்டிய அன்றே அலைன்மென்ட் செய்ததில்தான் விஷயம் இருக்கிறது. சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், டோ ஏன் மாறுகிறது என்பது. ஸ்டீயரிங்கின் சுழற்சியைப் பக்கவாட்டு நகர்வாக மாற்றும் ஸ்டீயரிங் ரேக் வண்டியின் உடலோடு நிலையாக இருக்கிறது. அதிலிருந்து நக்கிளுக்கு டை ராட் என்ற இணைப்புக் கம்பி போகிறது. சக்கரம் மேலே எழும்பும்போது லோயர் ஆர்மின் முனை ஒரு வட்டத்திலும், டை ராடின் முனை வேறொரு வட்டத்திலும் நகர்கின்றன. நிறுவனம் வைத்த உயரத்தில் இந்த இரண்டு வட்டங்களும் கூடியவரை ஒத்துப்போகும்படி வடிவமைத்திருப்பார்கள். வண்டியை அந்த உயரத்திலிருந்து கீழே கொண்டுவந்தால் இரண்டும் ஒத்துப்போவது குறைந்து, டை ராட் நக்கிளைத் தள்ளவோ இழுக்கவோ தொடங்கும். ஆகவே உயரம் மாறினால் டோ மாறும். தாழ்த்திய வண்டியில் அடுத்தடுத்த ஒவ்வொரு மில்லிமீட்டரும் டோவை முன்பைவிட அதிகமாக மாற்றும்.

இப்போது அன்றைய தினத்துக்கு வருவோம். லிஃப்டில் தொங்கிய வண்டியைத் தரையில் இறக்கும்போது, சக்கரங்கள் வெளிப்பக்கம் விரிய முயலும். டயரோ தரையைப் பிடித்துக்கொண்டு விரிய விடாது. அதனால் இறக்கிய உடனே வண்டி தன் உண்மையான உயரத்தைவிட நன்றாக மேலே நிற்கும். முன்னும் பின்னுமாகச் சில மீட்டர் உருட்டி, பானெட்டை அழுத்தி ஆட்டிவிட்ட பிறகுதான் அது அமரும். அலைன்மென்ட் மேடையில் முன்சக்கரங்களுக்கு அடியிலுள்ள சுழல்தட்டுகளை அசையாமல் பூட்டும் ஊசியை எடுத்துவிட வேண்டும் என்பதும் இதற்காகத்தான். ஊசியோடு விட்டுவிட்டு அளக்கும் இடங்களை நான் பார்த்திருக்கிறேன். இதற்கு மேல் புது ஸ்பிரிங்கும் அதன் ரப்பர் இருக்கைகளும் சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் இன்னும் சற்று இறங்கும். ஆக, அன்று அளந்த உயரம் வேறு, நீங்கள் ஓராண்டாக ஓட்டிய உயரம் வேறு. பச்சை எண் பொய்யில்லை. அது அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் உண்மை.

மூன்றாவது காரணத்தைப் பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை. லோயர் ஆர்ம் உடலோடு சேரும் இடத்தில் உள்ள புஷ், ரப்பரை இரும்பு உறைகளோடு ஒட்டிச் செய்தது. அது சுழலாது, முறுக்கிக்கொள்ளத்தான் செய்யும். சக்கரம் காற்றில் தொங்கும் நிலையில் அந்தப் போல்ட்டை முழு இறுக்கமாக இறுக்கினால், வண்டியை இறக்கிய கணத்திலிருந்தே அந்த ரப்பர் முறுக்கிய நிலையிலேயே இருக்கும். ஸ்பிரிங்கோடு சேர்ந்து அதுவும் வண்டியைத் தூக்கிப் பிடிக்கும். சில மாதங்களில் ரப்பர் கிழியத் தொடங்கும், வண்டி இன்னும் இறங்கும், ஆர்மும் ஆடத் தொடங்கும். இந்தப் போல்ட்டுகளைத் தளர்த்தி, சக்கரங்கள் தரையில் நின்று வண்டியின் எடை முழுவதும் அவற்றின் மேல் இருக்கும்போது, நிறுவனம் குறிப்பிட்ட விசைக்கு டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்குவதே முறை. அதற்குப் பிட் வேண்டும், அல்லது நான்கு தூண் லிஃப்ட் வேண்டும். இரண்டு தூண் லிஃப்டில் அவசரமாக வேலை முடிக்கும் இடத்தில் இதை எதிர்பார்க்க முடியாது.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன், இந்த வரிசையை மாற்ற வேண்டாம். முதலில் பால் ஜாயின்ட், டை ராட் எண்ட், லோயர் ஆர்ம் புஷ் ஆகியவற்றில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆடுகிற பாகத்தை வைத்துக்கொண்டு அலைன்மென்ட் பார்ப்பது காசுக்குக் கேடு. பிறகு புஷ் போல்ட்டுகளைத் தளர்த்தி, ஓடும் உயரத்தில் இறுக்கச் சொல்லுங்கள். ஓட்டுநர் கதவின் ஓரத்தில் ஒட்டியுள்ள அளவுக்குக் காற்று அடையுங்கள். பெட்ரோல் பாதி டேங்க் இருக்கட்டும். பெரும்பாலும் நீங்கள் ஒருவரே ஓட்டுகிறீர்கள் என்றால், உங்கள் எடைக்கு ஈடாக ஓட்டுநர் இருக்கையில் ஏதாவது வைக்கலாம். தாழ்த்திய வண்டியில் இதனால் வித்தியாசம் தெரியும். அதன்பின் நான்கு சக்கர அலைன்மென்ட், முதலில் பின்சக்கரங்களை அளந்து, பிறகு முன்புறம். முன்புறத்தில் கேம்பரைத் தொடுவதானால் அதை முடித்துவிட்டுத்தான் டோவைத் தொட வேண்டும், ஏனென்றால் கேம்பரை மாற்றினால் டோ தானாகவே மாறிவிடும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். டோவைத் திருத்த டை ராடைச் சுழற்றும்போது, ரேக்கின் மேலுள்ள ரப்பர் உறையான ‘பூட்’டின் சிறிய கிளிப்பைத் தளர்த்தாவிட்டால் பூட்டும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். அப்படி முறுக்கிய பூட் மடிப்பில் வெடித்துவிடும். ஐப்பசி மழையில் உங்கள் வேளச்சேரித் தெருவில் நிற்கும் தண்ணீர் நேராக ரேக்குக்குள் போகும். வேலை முடிந்ததும் குனிந்து அந்தப் பூட்டின் மடிப்புகள் நேராக இருக்கின்றனவா என்று நீங்களே பார்த்துவிடுங்கள்.

இருங்காட்டுக்கோட்டை ரசிகன்

உருளும் வட்டம் சொன்னதற்கு ஒரு துணைச் சான்று. இருங்காட்டுக்கோட்டை ஓடுதளத்தில் ஓடும் வண்டிகளில் இரண்டு டிகிரிக்கு மேல் நெகட்டிவ் கேம்பர் வைப்பது சாதாரணம். அங்கே டயர் அகலம் முழுவதும் ஏறக்குறைய ஒரே சீராகத் தேயும், ஏனென்றால் வளைவில் வண்டி சாயும்போது அந்தக் கேம்பர்தான் வெளிப்புற டயரைத் தரையில் தட்டையாகப் படிய வைக்கிறது. அதே வண்டியைக் கொண்டுபோய் ஈசிஆரில் மாமல்லபுரம் வரை நேராக ஓட்டிக்கொண்டிருந்தால் உள் ஓரம் கொஞ்சம் கூடுதலாகக் குறையும்தான், ஆனால் அது மெல்ல நடக்கும்.

அதிகமாகத் தாழ்த்தினால் வண்டி வளைவில் நன்றாகப் பிடிக்கும் என்ற நம்பிக்கையையும் இங்கேயே கேள்விக்குள்ளாக்க விரும்புகிறேன். லோயர் ஆர்ம் ஸ்ட்ரட்டுக்குச் செங்கோணமாகும் நிலையைத் தாண்டி வெளிமுனை மேலே போய்விட்டால், அதற்குப் பிறகு சக்கரம் எழும்பும் ஒவ்வொரு முறையும் நெகட்டிவ் கேம்பர் அதிகரிக்காது, குறையத்தான் செய்யும். வண்டியின் எடைமையம் 40 மில்லிமீட்டர் இறங்கினால், மெக்ஃபர்சன் அமைப்பில் உருள்மையம், அதாவது வளைவில் வண்டி எதைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, அதைவிட அதிகமாக இறங்கிவிடும். இரண்டுக்கும் இடையிலான தூரம் கூடுவதால், அதே ஸ்பிரிங் கடினத்தோடு வண்டி முன்பைவிட அதிகம் சாய முற்படும். தாழ்த்தும் ஸ்பிரிங்குகளைக் கடினமாகச் செய்வதற்கு இதுவும் ஒரு காரணம். அந்தக் கடினத்தைப் பழைய ஷாக் அப்சார்பர்கள் அடக்க முடியாமல் போவதுதான் பின்டயரில் அலை அலையாகத் தெரிகிறது என்று நினைக்கிறேன்.

பல்லாவரத்துப் பெரியவர்

நான் கேட்பது ஒன்றுதான்: இந்த ஊரில் காரைத் தாழ்த்துவதற்கு என்ன அவசியம்? வேகத்தடை என்றால் 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம் என்று இந்தியச் சாலைக் காங்கிரஸின் நெறிமுறை சொல்கிறது. நம் தெருக்களில் இருப்பவை பாதியும் யாரோ ஓர் இரவில் கொட்டிவிட்டுப் போன சிமென்ட் மேடுகள். போதாக்குறைக்கு மெட்ரோ பணிக்காகத் தோண்டி மூடிய சாலைகள் வேறு. நிறுவனம் கொடுத்த உயரத்திலேயே அடி இடிக்கிறது. பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஆசைப்பட்டால் புரிந்துகொள்ளலாம்.

சட்டத்தையும் நினைவில் கொள்ளுங்கள். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, நிறுவனம் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுச் சான்று மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அந்தப் பிரிவை உறுதிப்படுத்தித் தீர்ப்பளித்தது.

நெறியாளர்

பெரியவரின் அக்கறை நியாயமானது. சட்டம் பற்றி விரிவாகப் பேச விரும்புவோர் தனி இழை தொடங்கலாம். இங்கே டயர் தேய்மானத்தோடு நிற்போம். இந்த வகை மாற்றம் செய்தவர்கள் தங்கள் காப்பீட்டு நிறுவனத்துக்கு அதை எழுத்துமூலம் தெரிவித்துவிடுவது நல்லது என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்.

வேளச்சேரி வாசி

பெரியவர் அவர்களுக்கு: தோற்றத்துக்காகத்தான் தாழ்த்தினேன், வேறு பெருமை எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை.

வேறொரு கடையில், உருளும் வட்டம் அண்ணா சொன்ன வரிசைப்படி, பிட்டில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். இடது லோயர் ஆர்மின் பின்புற புஷ் பாதி வட்டத்துக்குக் கிழிந்திருந்தது. டார்ச் அடித்துக் காட்டினார்கள், இரும்பு உறையிலிருந்து ரப்பர் உதடு பிளந்தது போல விலகி நின்றது. இரண்டு பக்கமும் மாற்றி, தரையில் வைத்தே இறுக்கினார்கள். அதன்பின், எதையும் திருத்துவதற்குமுன் எடுத்த எண்கள் இவை.

முன் கேம்பர் இடது −1°28', வலது −1°02'. எஸ்ஏஐ (ஸ்டீயரிங் அச்சின் சாய்வு) இடது 13°40', வலது 13°14'. முன் டோ இடது −0°18', வலது −0°18', மொத்தம் −0°36'. பின் கேம்பர் இடது −1°10', வலது −1°05'. பின் டோ இடது +0°24', வலது +0°10', மொத்தம் +0°34'.

கேம்பர் இரு பக்கமும் சிவப்பில் இருக்கிறது. கேம்பர் போல்ட் போடலாமா என்று கடையிலும் கேட்கிறார்கள்.

உருளும் வட்டம்

எண்களைப் பார்க்க மகிழ்ச்சி. டோ-அவுட் மொத்தம் 36 நிமிடம், அதாவது இந்த ரிம்மில் நான்கு மில்லிமீட்டர். கை சொன்னதைக் கருவியும் சொல்லிவிட்டது. முன்டயரைத் தின்றது இதுதான். புஷ் மாற்றிய பிறகும் இவ்வளவு இருக்கிறதென்றால், கிழிந்த புஷ்ஷோடு பிரேக் பிடிக்கும்போது ஆர்ம் பின்னோக்கி நகர்ந்து இன்னும் அதிகமாகவே போயிருக்கும்.

இப்போது கேம்பர். இடதுக்கும் வலதுக்கும் 26 நிமிட வேறுபாடு. ஸ்ட்ரட் வளைந்துவிட்டதோ என்று அஞ்சுவதற்குமுன் ஒரு கூட்டல் போட வேண்டும். கேம்பரையும் எஸ்ஏஐயையும் கூட்டினால் இடதுபுறம் 12°12', வலதுபுறமும் 12°12'. இந்தக் கூட்டுக்கோணம் ஸ்ட்ரட்டும் நக்கிளும் சேர்ந்த வடிவத்தைப் பொறுத்தது. அது இரு பக்கமும் ஒன்றாக இருப்பதால் எதுவும் வளையவில்லை. இடதில் எஸ்ஏஐ எவ்வளவு கூடியிருக்கிறதோ அவ்வளவுக்குக் கேம்பர் நெகட்டிவாகியிருக்கிறது என்றால், லோயர் ஆர்ம்களைத் தாங்கும் சப்ஃபிரேம் முழுவதும் இடதுபுறமாகச் சற்று நகர்ந்து அமர்ந்திருக்கிறது என்று பொருள். அதன் போல்ட்டுகளைத் தளர்த்தி, துளைகளில் உள்ள இடைவெளிக்குள் வலப்புறம் தள்ளி இறுக்கினால் இரண்டு பக்கமும் −1°15' அளவில் வந்து நிற்கும். அதற்கு மேல் எதுவும் தேவையில்லை. சிவப்பைப் பார்த்துக் கலங்க வேண்டாம்; அந்த நிறம் நிறுவனத்தின் உயரத்தில் நிற்கும் வண்டிக்கானது, உங்கள் வண்டி அந்த உயரத்தில் இல்லை.

டோவைப் பற்றி மட்டும் கடைக்காரரிடம் பிடிவாதமாக இருங்கள். பச்சைக்குள் கொண்டுவந்தால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். பச்சைப் பட்டை அகலமானது. அதன் டோ-அவுட் ஓரத்தில் நிற்கும் எண்ணும் பச்சைதான். மொத்தம் +0°04' என்று வைக்கச் சொல்லுங்கள். சுழியத்துக்குக் கீழே மட்டும் போகக் கூடாது.

பின்புறத்துக்கு வருகிறேன். டுவிஸ்ட் பீம், அதாவது இரு பின்சக்கரங்களையும் இணைக்கும் முறுக்குக் குறுக்குச்சட்டம், உள்ள வண்டியில் தாழ்த்தினால் பின்புறம் எதுவும் மாறாது என்று பலர் சொல்வார்கள். முழு உண்மை அதுவல்ல. பீமின் கரங்கள் முன்முனையில் சுழல்கின்றன. அரை மீட்டருக்குக் குறைவான கரத்தில் 40 மில்லிமீட்டர் என்பது ஏறக்குறைய ஐந்து டிகிரி சுழற்சி. உள்ளே சாய்ந்திருக்கும் சக்கரத்தை அப்படிச் சுழற்றினால், சாய்வின் ஒரு சிறு பங்கு டோ-இன்னாக மாறும். உங்கள் கேம்பருக்கு அது சக்கரத்துக்கு ஆறு நிமிடம். ஆக, மொத்தம் 34இல் ஏறத்தாழ 12 தாழ்த்தியதால் வந்தது. மீதி முன்பே இருந்திருக்க வேண்டும். இடது 24, வலது 10 என்பதால் பின்அச்சு ஏழு நிமிடம் வலப்புறம் நோக்குகிறது. முன் டோவை இந்தத் திசையை ஆதாரமாக வைத்துத் திருத்தினால் ஸ்டீயரிங் நேராக நிற்கும். நான்கு சக்கரக் கருவி அதைத் தானே செய்துவிடும்.

பாடி மேம்பாலம்

ஒன்றே கால் டிகிரியை அப்படியே விடச் சொல்வது எனக்கு இன்னும் சரியாகப் படவில்லை. வேளச்சேரியிலிருந்து சிறுசேரிக்குப் போகும் வண்டி வளைவில் சாய்ந்து ஓடப் போவதில்லை; நேர்சாலையில் நெரிசலில் ஊர்ந்துதான் போகும். அந்த ஓட்டத்தில் அரை டிகிரி இருந்தால் டயர் இன்னும் நன்றாக உழைக்கும் அல்லவா? கேம்பர் போல்ட் ஒரு ஜோடி விலை அதிகமும் இல்லை.

உருளும் வட்டம்

உழைக்கும், மறுக்கவில்லை. டயர் ஆயுளில் சில ஆயிரம் கிலோமீட்டர் கூடலாம். ஆனால் கேம்பர் போல்ட்டின் தண்டு மூல போல்ட்டைவிட மெலிந்தது. அதில் உள்ள விலகுவட்டம் நக்கிளைத் தள்ளிப் பிடித்திருப்பது இறுக்கத்தின் பிடிமானத்தால் மட்டுமே. தரமான போல்ட்டை, பக்கத்துக்கு ஒன்று மட்டும், சொன்ன விசைக்கு இறுக்கிப் போட்டால் நிற்கும். புதுப்பேட்டையில் பெயர் தெரியாத போல்ட்டை வாங்கி இரண்டு துளையிலும் போட்டால், ஒரு நல்ல பள்ளத்தில் சக்கரம் இறங்கியதும் நழுவும். கேம்பர் நழுவினால் டோவும் போகும், மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். போடுவதானால் போல்ட் தலையிலிருந்து ஸ்ட்ரட் வரை வெள்ளைப் பெயின்டில் ஒரு கோடு இழுத்துவைத்து, கோடு பிரிந்திருக்கிறதா என்று அவ்வப்போது பார்க்க வேண்டும். நான் என் வாடிக்கையாளர்களுக்கு ஒன்றரை டிகிரி வரை போல்ட் போடச் சொல்வதில்லை. அதைத் தாண்டினால் போடுவேன்.

வேளச்சேரி வாசி

சற்றுத் தாமதமாக எழுதுகிறேன், ஓடிப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன். சப்ஃபிரேமைத் தள்ளியதில் கேம்பர் இடது −1°16', வலது −1°14' ஆனது. முன் டோ மொத்தம் +0°04'. ஸ்பிரிங்குக்கு ஏற்ற ஷாக் அப்சார்பர்களும் நான்கும் மாற்றிவிட்டேன். முன்புறம் புது டயர்கள் போட்டேன். சுமார் 6,000 கிலோமீட்டர் ஓடிய பின் முன் இடது டயரின் ஆழம் வெளி ஓரத்தில் 7.2, நடுவில் 7.1, உள் ஓரத்தில் 6.8 மில்லிமீட்டர். தடவிப் பார்த்தால் இரு திசையிலும் ஒரே மாதிரி இருக்கிறது. முனகல் சத்தம் குறைந்திருக்கிறது, முழுவதும் போகவில்லை. அது பழைய பின்டயர்களிலிருந்து வருகிறது என்று நினைக்கிறேன்.

ஒரே ஒரு கேள்வி மிச்சம். பின் இடது டோ 24 நிமிடம் அப்படியே இருக்கிறது. பீமைச் சூடாக்கி ஜாக்கி வைத்து வளைத்துச் சரிசெய்து தருவதாக ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?

உருளும் வட்டம்

செய்யக் கூடாது. அந்த பீம் முறுக்கிக்கொடுத்து மீள்வதற்கென்றே பதப்படுத்திய எஃகு. சூடாக்கினால் அந்தப் பதம் போய்விடும், வெல்டிங் ஓரத்தில் விரிசல் விட வாய்ப்பு உண்டு. முதலில் பீமின் முன்புற புஷ்களையும், சக்கரம் சுழலும் குட்டை அச்சான இடது ஸ்டப் ஆக்ஸிலையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் மட்டும் இவ்வளவு கூடியிருப்பதால், ஏதோ ஒரு பள்ளத்தில் ஸ்டப் ஆக்ஸில் வளைந்திருக்கலாம், அப்படியானால் அதை மாற்றினாலே எண் இறங்கிவிடும். அது நேராக இருந்தால், ஸ்டப் ஆக்ஸிலுக்கும் பீமுக்கும் இடையே ஆப்பு வடிவ மெல்லிய தகடான ஷிம் வைத்து 10 நிமிடத்துக்குக் கொண்டுவரலாம். ஷிம் அந்த முகப்பு முழுவதையும் மூட வேண்டும், போல்ட் துளைகளைச் சுற்றி மட்டும் வாஷர் போல வைக்கக் கூடாது. போட்ட பிறகு ஏபிஎஸ் சென்சாரின் இடைவெளியையும் பிரேக் டிரம்மின் ஓட்டத்தையும் பார்த்துவிட வேண்டும்.

அலை விழுந்த அந்தப் பின்டயர்களை இப்போது முன்னால் மாற்றாதீர்கள். ஷாக் மாற்றியதால் அலை மேலும் வளராது, ஆனால் இருப்பது முன்சக்கரத்துக்குப் போனால் ஸ்டீயரிங்கில் அதிர்வாகத் தெரியும். பின்னாலேயே ஓடி 1.6 மில்லிமீட்டர் அடையாளத்தை நெருங்கும்போது கழற்றிவிடுங்கள். மழைக்காலம் அதற்குமுன் வந்துவிட்டால் அதுவரைக்கும் காத்திருக்க வேண்டாம்.